யாருக்கு எப்போது தெரிய வேண்டும்?

ஒரு பெண் பள்ளிக்கூடத்துக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். உள்ளே பிள்ளைகள் பாடிக்கொண்டிருக்கிறார்கள். பாட்டு முடியட்டும் என்று ஒரு சிகரெட்டைப் பற்றவைக்கிறாள். அவளுக்குப் பின்னால் பிள்ளைகள் ஏறி விளையாடும் கம்பிக்கூண்டு. அதில் ஒரு காகம் வந்து உட்காருகிறது. அவள் பார்க்கவில்லை, நாம் பார்த்துவிட்டோம். மறுபடி அவள் முகம். மறுபடி கம்பிக்கூண்டு: இப்போது நாலைந்து காகங்கள். அப்புறம் கேமரா அவள் முகத்திலேயே நின்றுவிடுகிறது. பின்னால் என்ன நடக்கிறது என்று காட்டவே மாட்டேன் என்கிறது. பாட்டு மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது, அதே அடி திரும்பத் திரும்ப. அவள் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கலாமா என்று நமக்குக் கழுத்து தவிக்கிறது. கடைசியில் வானத்தில் தனியாகப் பறந்து வரும் ஒரு காகத்தை அவள் கவனிக்கிறாள். கண் அதன் பின்னாலேயே போகிறது. அது போய் இறங்கும் இடத்தில் கம்பியே தெரியவில்லை. எல்லாம் கறுப்பு.

1963-இல் வந்த ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் 'தி பேர்ட்ஸ்' படக் காட்சி இது. படம் முழுக்கவே வழக்கமான பின்னணி இசை கிடையாது. பயமுறுத்த ஒரு வயலின்கூட இல்லை. பிள்ளைகளின் பாட்டுதான் இருக்கிறது. ஆனாலும் வயிற்றைப் பிசைகிறது. ஏன் என்று பிரித்துப் பார்த்தால் ஒன்று பிடிபடும். முதலில் அவளைவிட நமக்கு அதிகம் தெரிகிறது. பிறகு இயக்குநர் நம் கண்ணையும் கட்டிவிடுகிறார். பின்னால் ஏதோ கூடிக்கொண்டிருக்கிறது என்று தெரியும், எவ்வளவு என்று தெரியாது. கடைசியில் அவளுக்கும் நமக்கும் ஒரே நொடியில் தெரிந்துவிடுகிறது. ஒரு சிகரெட் பிடிக்கும் நேரத்துக்குள் மூன்று நிலைகள்.

இயக்குநரின் பாணி என்று பேச்சு வந்தால் நாம் பெரும்பாலும் கண்ணில் படுவதைத்தான் சொல்கிறோம். இவர் படத்தில் மழை பெய்துகொண்டே இருக்கும், அவர் படத்தில் கேமரா நகரவே நகராது, இன்னொருவர் ஒரே ஷாட்டில் சண்டையை எடுப்பார். இதெல்லாம் உண்மைதான். ஆனால் இவை மேலே தெரியும் இலைகள். வேர் வேறு இடத்தில் இருக்கிறது. கதையில் இருக்கும் சேதி யாருக்கு, எப்போது, எவ்வளவு தெரிய வேண்டும் என்று ஒவ்வொரு பெரிய இயக்குநரும் தனக்கென்று ஒரு முடிவு எடுத்து வைத்திருக்கிறார். ஷாட், லென்ஸ், நிறம், இசை எல்லாம் அந்த முடிவைச் செய்துகாட்டப் பிறந்தவை. த்ரில்லருக்கு மட்டும் பொருந்தும் விஷயம் இது என்று தோன்றலாம். குடும்பக் கதை எடுத்தவர்களும் இதே அடுப்பில்தான் சமைத்தார்கள் என்பதைக் காட்டத்தான் இந்தக் கட்டுரை. முடிவுகளைச் சொல்லாமல் இதை எழுத வழியில்லை. பார்க்காத படம் வந்தால் அந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்.

ஹிட்ச்காக்கிடமே கொஞ்சம் நிற்கலாம், ஏனென்றால் தன் தொழிலை அவரைப்போல வெளிப்படையாக விளக்கியவர்கள் குறைவு. 1962-இல் பிரெஞ்சு இயக்குநர் ஃபிரான்சுவா த்ரூஃபோ அவரோடு பல நாள் உட்கார்ந்து பேசினார். 1966-இல் அது புத்தகமாக வந்தது. அதில் வரும் மேசைக்கு அடியில் வெடிகுண்டு உதாரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: குண்டு இருப்பது தெரியாமல் வெடித்தால் பார்வையாளருக்குப் பதினைந்து விநாடி அதிர்ச்சி, முன்கூட்டியே தெரிந்திருந்தால் பதினைந்து நிமிடப் பதற்றம். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அவர் தன் தவறு என்று ஒப்புக்கொண்ட இடம். 1936-இல் எடுத்த 'சபோடாஜ்' படத்தில் ஒரு சிறுவன் குண்டு என்று தெரியாமலேயே ஒரு பொட்டலத்தைச் சுமந்துகொண்டு ஊர் சுற்றுகிறான். நமக்குத் தெரியும். வேடிக்கை பார்த்து நிற்கிறான், நேரம் போகிறது, பேருந்தில் ஏறுகிறான். குண்டு வெடித்துச் செத்துப்போகிறான். அந்தப் பையனைக் கொன்றிருக்கக் கூடாது என்று ஹிட்ச்காக் பிற்பாடு சொன்னார். பார்வையாளருக்கு ஒரு சேதியைக் கொடுத்து அவரைத் தவிக்கவிட்டால், அந்தத் தவிப்புக்கு ஒரு வடிகால் தர வேண்டும் என்பது அவருடைய கணக்கு. அதாவது சேதி என்பது அவருக்குக் கடன் மாதிரி. கொடுத்தால் வசூலிக்கும் பொறுப்பும் தன்னுடையது.

அந்தக் கணக்கை அவரே தலைகீழாகப் போட்ட படம் 'சைக்கோ', 1960. கதாநாயகி என்று நாம் நம்பிப் பின்தொடர்ந்த பெண் படம் பாதியை எட்டும் முன்பே குளியலறையில் கொல்லப்படுகிறாள். இங்கே நமக்கு முன்கூட்டி எதுவும் தெரியாது. பணத்தைத் திருடிக்கொண்டு ஓடியவள் மாட்டுவாளா மாட்டமாட்டாளா என்ற கவலையை மட்டும் நமக்குக் கொடுத்துவிட்டு, கதையை வேறு தடத்துக்கு மாற்றிவிடுகிறார். இந்த ஏற்பாடு குலையக் கூடாது என்பதற்காகப் படம் தொடங்கிய பிறகு யாரையும் உள்ளே விடக் கூடாது என்று திரையரங்குகளுக்கு நிபந்தனையே போட்டார். தாமதமாக வந்த ஒருவர் கதாநாயகி எங்கே என்று தேடிக்கொண்டே இருந்தால் படம் கெட்டுவிடும் அல்லவா? யாருக்கு எப்போது தெரிய வேண்டும் என்பதில் இவ்வளவு கறாராக இருந்த ஒருவர் திரையரங்கின் வாசல் கதவையும் தன் திரைக்கதையில் சேர்த்துக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை.

இயக்குநரைப் படத்தின் ஆசிரியராகப் பார்க்கும் பழக்கமே அந்தக் காலகட்டத்தில் வலுப்பெற்றதுதான். 1954-இல் த்ரூஃபோ 'காயே டு சினிமா' இதழில் எழுதிய கட்டுரை பெரிய விவாதத்தைக் கிளப்பியது. பத்து வருடத்துக்குள் அது அமெரிக்க விமர்சகர்கள் வரை போய்விட்டது. அதில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. கெட்டதைப் பிறகு சொல்கிறேன்.

டேவிட் ஃபின்ச்சருக்கு வருவோம். இன்று அதிகம் காப்பியடிக்கப்படும் த்ரில்லர் பாணி அவருடையதுதான். இருண்ட, பச்சையும் மஞ்சளும் கலந்த நிறம். நடிகர் எழுந்தால் அதே வேகத்தில் எழுந்து, நின்றால் அதே நொடியில் நிற்கும் கேமரா. ஒரே ஷாட்டுக்கு ஐம்பது, அறுபது டேக். 1995-இல் வந்த 'செவன்' படத்தின் அந்தக் கனத்த கறுப்புக்காகச் சில பிரதிகளில் படச்சுருளின் வெள்ளியை முழுசாகக் கழுவிவிடாமல் மிச்சம் வைக்கும் ஒரு முறையைப் பயன்படுத்தினார்கள். அந்த நிறத்தை இன்று கணினியில் யார் வேண்டுமானாலும் ஒரு மணி நேரத்தில் கொண்டுவந்துவிடலாம். ஆனால் அப்படி எடுத்த படங்கள் ஃபின்ச்சர் படம் மாதிரி இருப்பதில்லை. ஏன் என்று தெரிய 2007-இல் அவர் எடுத்த 'ஸோடியாக்'கைப் பார்க்க வேண்டும். என்னைக் கேட்டால் அவருடைய படங்களிலேயே சிறந்தது அதுதான்.

கலிஃபோர்னியாவில் 1960-களின் கடைசியில் நடந்த தொடர் கொலைகள் பற்றிய கதை. கொலையாளி கடைசிவரை பிடிபடவில்லை. படம் 1969 ஜூலையில் நடந்த தாக்குதலில் தொடங்குகிறது, அதில் ஒருவர் பிழைத்துக்கொண்டார். அதற்கு முன்பு 1968 டிசம்பரில் நடந்த இரட்டைக் கொலையைப் படம் காட்டுவதில்லை. அங்கே என்ன நடந்தது என்று சொல்ல யாரும் மிஞ்சவில்லை. பிழைத்தவரோ கண்ணால் கண்டவரோ இருக்கும் இடத்தில் மட்டுமே கேமரா இருக்கிறது. இன்னொன்றும் செய்தார். தாக்குதல்களில் கொலையாளியாக வருபவர் ஒரே நடிகர் இல்லை. பார்த்தவர்கள் ஆளுக்கொரு விதமாக அடையாளம் சொன்னதால், காட்சிக்குக் காட்சி ஆளை மாற்றிவிட்டார். நாம் அதைக் கவனிப்பதில்லை. ஆனால் படம் பார்க்கும்போது 'இவனாத்தான் இருக்கணும்' என்று தோன்றுவதும், அடுத்த நிமிடமே அது நழுவுவதும் அங்கிருந்துதான் வருகிறது. விசாரிப்பவர்களுக்குத் தெரிந்தது என்னவோ அதுதான் நமக்கும். ஒரு பொட்டுக்கூடக் கூடுதலாகத் தரமாட்டார்.

அந்தப் படத்தில் ஒரு நிலவறைக் காட்சி வரும். கொலையாளியைத் தேடி அலையும் கார்ட்டூனிஸ்ட், ஒரு தகவலுக்காக முன்பு திரையரங்கில் வேலை பார்த்த ஒருவரின் வீட்டுக்கு மழையில் போகிறார். பழைய சினிமா சுவரொட்டியில் இருக்கும் கையெழுத்து கொலையாளியுடையதை ஒத்திருக்கிறது, அது யாருடையது என்று தெரிந்தால் போதும். வீட்டுக்காரர் அமைதியாகச் சொல்கிறார், அது தன் கையெழுத்துதான் என்று. பிறகு, பழைய பதிவேடுகள் கீழே நிலவறையில் இருக்கின்றன, வாருங்கள் என்று கூப்பிடுகிறார். இவர் இறங்குகிறார். மேலே மரத்தரையில் யாரோ நடக்கும் சத்தம் கேட்கிறது. வீட்டில் வேறு யாராவது இருக்கிறார்களா என்றால், இல்லை என்கிறார் அவர். அவ்வளவுதான். ஒன்றும் நடப்பதில்லை. கார்ட்டூனிஸ்ட் தடுமாறி வெளியே ஓடிவிடுகிறார். அந்தச் சத்தம் என்ன என்று படம் பிறகு சொல்வதே இல்லை. ஹிட்ச்காக் இப்படி ஒரு கடனை வசூலிக்காமல் விட்டிருக்க மாட்டார். ஃபின்ச்சர் விட்டுவிடுகிறார், ஏனென்றால் அவர் படத்தின் விஷயமே வசூலாகாத கடன்தான். கடைசிக் காட்சியில், பல வருடம் கழித்து, தொடக்கக் காட்சியின் தாக்குதலில் பிழைத்தவர் ஒரு புகைப்படத்தைத் தொட்டுக்காட்டுகிறார். எவ்வளவு உறுதி என்று கேட்டால் பத்துக்கு எட்டு என்கிறார். 2 மணி 37 நிமிடம் ஓடிய ஒரு படம் பத்துக்கு எட்டில் முடிகிறது.

இதே மாதிரி ஒரு வழக்கைத்தான் தென்கொரியாவின் போங் ஜூன் ஹோவும் எடுத்தார். 'மெமரீஸ் ஆஃப் மர்டர்', 2003. ஹ்வாசோங் பகுதியில் 1986-இலிருந்து 1991 வரை நடந்த பெண்கள் கொலைகள். ஆனால் ஃபின்ச்சரின் குளிர்ச்சி இவரிடம் கிடையாது. முதல் பகுதியிலேயே ஒரு வயல்வெளிக் காட்சி, வெட்டே இல்லாமல் நீளமாக ஓடுகிறது: பிணம் கிடக்கிறது, சுற்றிலும் கூட்டம், பிள்ளைகள் ஓடுகிறார்கள், ஓர் அதிகாரி சரிவில் வழுக்கி விழுகிறார், தடயமாக இருந்த ஒரே காலடித்தடத்தின் மீது ஒரு டிராக்டர் ஏறிப் போய்விடுகிறது. சிரிப்பு வருகிறது. சிரித்த அடுத்த நொடியில் என்ன போச்சு என்று உறைக்கிறது. சிரிப்பும் வயிற்றெரிச்சலும் ஒரே ஃபிரேமுக்குள் இருப்பதுதான் போங்கின் கைரேகை. 2019-இன் 'பாரசைட்'டில் படிக்கட்டும் மழையும் வைத்து இதையே இன்னும் பெரிதாகச் செய்தார்.

இந்தப் படத்தில் இரண்டு காவலர்கள். உள்ளூர்க்காரர் ஆளின் கண்ணைப் பார்த்தாலே குற்றவாளியா இல்லையா என்று தெரியும் என்பார். நகரத்திலிருந்து வந்தவர் காகிதம் பொய் சொல்லாது என்பார். கடைசியில் மழையில், ரயில் சுரங்கத்தின் வாயில், அமெரிக்காவிலிருந்து வந்த மரபணு அறிக்கை சந்தேக நபரோடு பொருந்தவில்லை என்று சொல்கிறது. காகிதத்தை நம்பியவர் அதை ஏற்க முடியாமல் துப்பாக்கியைத் தூக்குகிறார். கண்ணை நம்பியவர் சந்தேக நபரின் முகத்தைப் பிடித்து உற்றுப் பார்த்துவிட்டு, தனக்குத் தெரியவில்லை என்கிறார். இரண்டு பேரும் ஆளுக்கு ஆள் நம்பிக்கையை மாற்றிக்கொண்டு தோற்கும் இந்த இடம் எத்தனை முறை பார்த்தாலும் எனக்குத் தொண்டையை அடைக்கிறது. வருடங்கள் கழித்து, வேலையை விட்டுவிட்ட அந்த உள்ளூர்க்காரர் முதல் பிணம் கிடந்த வாய்க்கால் பக்கம் வருகிறார். கொஞ்ச நாள் முன்பு இன்னொருவரும் இங்கே எட்டிப் பார்த்தார் என்று ஒரு சிறுமி சொல்கிறாள். ஆள் எப்படி இருந்தான்? சாதாரண முகம். அவர் நிமிர்ந்து நேராகக் கேமராவைப் பார்க்கிறார். கொலையாளி என்றாவது திரையரங்கில் உட்கார்ந்து இதைப் பார்ப்பான், அவன் கண்ணைப் பார்க்க வேண்டும் என்று நினைத்துதான் அந்தப் பார்வையை வைத்ததாக போங் சொல்லியிருக்கிறார். 2019-இல் மரபணுச் சோதனையில் உண்மையான ஆள் தெரிந்தான். வேறொரு கொலைக்காக 1990-களிலிருந்தே சிறையில் இருந்தவன். அந்தக் கொலைகளில் ஒன்றுக்காகத் தவறாகத் தண்டிக்கப்பட்டு ஏறக்குறைய இருபது வருடம் சிறையில் கழித்த ஒருவர் 2020-இல் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார். அடித்து வாங்கிய வாக்குமூலங்களைப் பற்றிப் படம் காட்டியதெல்லாம் அப்போது இன்னும் கனத்தது.

ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவைச் சாமுராய்ப் படங்களோடு மட்டும் சேர்த்து நினைப்பவர்கள் 1963-இல் அவர் எடுத்த 'ஹை அண்ட் லோ'வைப் பார்க்க வேண்டும். ஒரு செருப்புக் கம்பெனி உயரதிகாரியின் மகன் என்று நினைத்து டிரைவரின் மகனைக் கடத்திவிடுகிறார்கள். பணம் கொடுப்பதா வேண்டாமா? படத்தின் முதல் ஒரு மணி நேரம் கிட்டத்தட்ட ஒரே வரவேற்பறையில் நடக்கிறது. அகலத்திரையில் ஏழெட்டுப் பேர் ஒரே சட்டகத்தில் நிற்பார்கள். யாரும் பேசாவிட்டாலும் யார் யாரைப் பார்க்கவில்லை என்பதிலேயே கதை தெரியும். டிரைவர் எப்போதும் ஓரத்தில், தலை குனிந்து, யார் கண்ணிலும் படாமல் நிற்பார். பணக்காரரின் முடிவுக்காக நாம் காத்திருக்கும் நேரமெல்லாம் நம் கண் அந்த ஓரத்துக்கே போகும். பிறகு ஒரே வெட்டில் ஓடும் ரயிலுக்குள் பாய்கிறது படம். கழிவறை ஜன்னல் ஏழு சென்டிமீட்டர்தான் திறக்கும், பணப்பெட்டி அதற்குள் நுழைய வேண்டும். அறைக்குள் அடைத்து வைத்த மூச்சு மொத்தத்தையும் அந்த ரயிலில் விடவைக்கிறார்.

அறை என்றதும் சிட்னி லூமெட். 1957-இல் அவருடைய முதல் படம் '12 ஆங்ரி மென்'. தந்தையைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஒரு பையனின் உயிரைப் பற்றி முடிவெடுக்கப் பன்னிரண்டு பேர் ஓர் அறையில் உட்காருகிறார்கள். 96 நிமிடம். சலிக்காமல் இருக்க அவர் செய்த வேலை வெளியே தெரியாதது. முதல் பகுதியைக் கண் மட்டத்துக்கு மேலிருந்து எடுத்தார், நடுப்பகுதியைக் கண் மட்டத்தில், கடைசிப் பகுதியைக் கீழிருந்து. போகப்போக நீண்ட குவியத்தூர லென்ஸ்களுக்கு மாறினார். அதனால் சுவர்கள் நெருங்கி வருவதுபோல ஆகிறது. கடைசிப் பகுதியில் கூரையும் தெரியத் தொடங்குகிறது. அறை சுருங்குகிறது, வியர்க்கிறது, ஏன் மூச்சு முட்டுகிறது என்று நமக்கே தெரியாது. எல்லாம் முடிந்து வெளியே வரும் கடைசி ஷாட்டை அகலமான லென்ஸில் எடுத்தார், நாமும் மூச்சை விடுகிறோம். இதில் இன்னொன்று பலருக்கு நினைவில் நிற்பதில்லை: அந்தப் பையன் கொலை செய்தானா இல்லையா என்று படம் கடைசிவரை சொல்வதில்லை. சந்தேகம் இருக்கிறது, அவ்வளவுதான். எதையும் மறைக்காமல் விவாதிப்பதுபோல் தோன்றும் படத்தின் நடுவில் இவ்வளவு பெரிய ஓட்டை இருக்கிறது. லூமெட் அதை மூடவில்லை.

த்ரில்லரின் ஆயுதங்களை எடுத்துக் குடும்பக் கதைக்குள் வைத்தவர்களில் இன்று முதலில் சொல்ல வேண்டியவர் ஈரானின் அஸ்கர் ஃபர்ஹாதி. 'எ செபரேஷன்', 2011. பெர்லினில் தங்கக் கரடி வாங்கியது, பிறகு ஆஸ்கரும். இசை கிடையாது என்றே சொல்லலாம், துப்பாக்கி கிடையாது, கொலைகாரன் கிடையாது. ஆனால் நகத்தைக் கடித்துக்கொண்டுதான் பார்க்க முடியும். விவாகரத்துக் கேட்கும் மனைவி வீட்டை விட்டுப் போகிறாள். மறதிநோய் கண்ட மாமனாரைப் பார்த்துக்கொள்ள ஒரு ஏழைப் பெண் வேலைக்கு வருகிறாள். ஒரு நாள் கணவன் வீட்டுக்கு வரும்போது அப்பா தரையில் கிடக்கிறார், கை கட்டிலோடு கட்டப்பட்டிருக்கிறது. வேலைக்காரப் பெண் வெளியே போயிருக்கிறாள். திரும்பி வந்தவளைக் கோபத்தில் கதவுக்கு வெளியே தள்ளுகிறான். அவள் கரு கலைந்துவிடுகிறது. அவள் கர்ப்பம் என்று அவனுக்குத் தெரியுமா? தெரிந்திருந்தால் கொலைக் குற்றம்.

இங்கேதான் ஃபர்ஹாதி நம்மையும் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறார். முன்பு ஒரு காட்சியில் அந்த வேலைக்காரப் பெண், அந்த வீட்டு மகளின் ஆசிரியையிடம் தன் நிலையைப் பற்றிப் பேசுகிறாள். வீட்டுக்காரன் பக்கத்தில் சமையலறையில் இருக்கிறான். கேட்டானா? நாமும்தான் அங்கே இருந்தோம், ஆனால் அது ஏதோ வீட்டுப் பேச்சு என்று விட்டுவிட்டோம். அவன் நீதிபதி முன் கேட்கவில்லை என்று சொல்லும்போது நம் நினைவைத்தான் நாம் புரட்டுகிறோம். இன்னோர் இடத்தில் முதியவர் தனியாகத் தெருவுக்குப் போய்விடுகிறார். அந்தப் பெண் வாகனங்களுக்கு நடுவே அவரைத் தேடி ஓடுகிறாள். அவள் பதறிப் பார்க்கும் நொடியில் வெட்டிவிடுகிறார். அடுத்த காட்சியில் வீடு, கலகலப்பு, எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கிறோம். அந்த வெட்டில் ஒரு கார் அவளை மோதியிருக்கிறது. படம் முடியப்போகும் நேரத்தில்தான் தெரிகிறது. சாதாரண எடிட்டிங் வசதி என்று நாம் தாண்டிப்போன ஒரு வெட்டுக்குள் முழுக்கதையின் சாவியும் கிடந்திருக்கிறது. நாம் பார்த்ததையே நம்பி ஒருவனைக் குற்றவாளி என்று முடிவுகட்டியிருந்தோமே, அந்தக் கூச்சம் படம் முடிந்த பிறகும் போகாது.

ஆஸ்திரியாவின் மிகயேல் ஹனேகேயும் இந்த வெட்டு விளையாட்டில் தேர்ந்தவர். 2005-இன் 'காஷே' படம் ஒரு வீட்டு வாசலின் அசையாத நீண்ட காட்சியோடு தொடங்கும். பேர் எல்லாம் ஓடி முடிந்து, திடீரென்று படம் பின்னோக்கிச் சுழலும்போதுதான், நாம் பார்த்தது அந்த வீட்டுக்காரர்களுக்கு யாரோ அனுப்பிய வீடியோ நாடா என்று புரியும். அதற்குப் பிறகு படத்தில் வரும் ஒவ்வோர் அசையாத காட்சியையும் இது யார் பார்ப்பது என்ற சந்தேகத்தோடுதான் பார்ப்போம்.

இயக்குநரை ஆசிரியர் ஆக்கியதில் கெட்டதும் உண்டு என்றேன். அது மற்றவர்களின் பேரை அழித்துவிடுகிறது. 'சைக்கோ'வின் குளியலறைக் காட்சிக்கு இசை வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் நினைத்தார். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் தந்திக் கருவிகளை மட்டும் வைத்து அந்தக் கிறீச்சிடலை எழுதிப் போட்டுக்காட்டிய பிறகுதான் மனம் மாறினார். இன்று அந்தச் சத்தம் இல்லாமல் ஹிட்ச்காக்கை நினைக்கவே முடியாது. அந்தப் படம் முடிந்து வெளியீட்டுக்குத் தயாரானபோது, செத்துக் கிடக்கும் நடிகையிடம் ஒரு சின்ன அசைவு இருப்பதைக் கண்டுபிடித்தவர் ஹிட்ச்காக்கின் மனைவி அல்மா ரெவில். ஸ்வீடன் இயக்குநர் இங்மர் பெர்க்மனின் முகங்கள் என்று சொல்வதில் பாதி ஒளிப்பதிவாளர் ஸ்வென் நிக்விஸ்ட்டின் வெளிச்சம். ஒருவருக்குத் தெரியும், இன்னொருவருக்குத் தெரியாது என்று திரையில் நடக்கும் பங்கீட்டைச் செய்ய, திரைக்குப் பின்னால் எல்லாம் தெரிந்த நாலைந்து பேர் தேவைப்படுகிறார்கள்.

ஹிட்ச்காக்கின் 'ரியர் விண்டோ', 1954, பார்த்தவர்களுக்குத் தெரியும்: கால் உடைந்து ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர் லென்ஸ் வழியே எதிர்வீடுகளைப் பார்த்துப் பார்த்து ஒரு கொலையைக் கண்டுபிடிக்கிறார். அதிலிருந்து பத்து வருடம் கழித்து சத்யஜித் ரே 'சாருலதா'வை எடுத்தார். அதன் தொடக்கத்திலும் ஒருத்தி கையில் கண்ணாடி. பெரிய வீட்டில் வேலையில்லாமல் இருக்கும் சாரு, பிடி வைத்த சின்னத் தொலைநோக்கியை எடுத்துக்கொண்டு ஒரு ஜன்னலிலிருந்து அடுத்த ஜன்னலுக்கு ஓடி, தெருவில் போகிறவர்களைப் பார்க்கிறாள். பேச்சே கிட்டத்தட்ட கிடையாது. கணவன் புத்தகத்தைப் படித்துக்கொண்டே அவளைக் கடந்து போகிறான், அவள் நிற்பதைக் கவனிக்காமலே. அவன் போவதையும் அவள் அதே தொலைநோக்கியை எடுத்துப் பார்க்கிறாள். இரண்டடி தூரத்தில் இருப்பவனைப் பார்க்கத் தொலைநோக்கி! பிறகு தோட்டத்து ஊஞ்சல் காட்சியில், எதிரே ஒரு தாயையும் குழந்தையையும் பார்த்துவிட்டு, மெல்லத் திருப்பி, புல்லில் படுத்து எழுதிக்கொண்டிருக்கும் கணவனின் தம்பி முறைக்காரன் அமலைப் பார்க்கிறாள். கண்ணாடியை இறக்கும்போது அவள் முகத்தில் தெரிவது ஒரு கண்டுபிடிப்பு. ஹிட்ச்காக்கின் ஆள் கண்ணாடி வழியே அடுத்தவனின் ரகசியத்தைக் கண்டுபிடித்தார். சாரு தன்னுடையதையே கண்டுபிடிக்கிறாள். அவளுக்கு முன்னால் அது வேறு யாருக்கும் தெரியாது, நம்மைத் தவிர.

கடைசியாக ஜப்பானிய இயக்குநர் யாசுஜிரோ ஓசு. த்ரில்லரோடு அவர் பேரைச் சேர்ப்பதே சிலருக்கு விநோதமாகப் படலாம். தரையில் உட்கார்ந்திருப்பவரின் உயரத்துக்கும் கீழே இறக்கிய கேமரா, ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸ், நகர்வு என்பது மிக அரிது, காட்சிக்கும் காட்சிக்கும் நடுவே வெறும் நடைக்கூடம், காயும் துணி, ஒரு கெட்டில். கதை என்றால் பெண்ணுக்குக் கல்யாணம் ஆக வேண்டும். இதில் என்ன பதற்றம்?

1949-இன் 'லேட் ஸ்பிரிங்' படத்தைப் பாருங்கள். மனைவியை இழந்த பேராசிரியர், அவரை விட்டுப் போக மனமில்லாத மகள். தானும் மறுமணம் செய்துகொள்ளப் போவதாக அப்பா சொல்கிறார். மகள் உடைந்துபோகிறாள், பிறகு கல்யாணத்துக்குச் சம்மதிக்கிறாள். மாப்பிள்ளை யார்? நாம் அவனைப் பார்ப்பதே இல்லை. வாய்ப் பக்கம் ஹாலிவுட் நடிகர் கேரி கூப்பர் மாதிரி இருப்பான் என்று அத்தை சொல்வதோடு சரி. பெண் பார்த்த நாளும் காட்டப்படுவதில்லை, கல்யாணமும் காட்டப்படுவதில்லை. மணப்பெண் அலங்காரத்தில் மகள் வீட்டை விட்டு இறங்குவது வரைதான். கொலைகாரனின் முகத்தை ஒளித்துவைக்கும் படங்கள் ஆயிரம் உண்டு. மாப்பிள்ளையின் முகத்தை இப்படி ஒளித்துவைத்தவர் ஓசு. இருவரும் சேர்ந்து போகும் கடைசிப் பயணத்தில், இரவு விடுதியில், அப்பா தூங்கிவிட்டார். மகள் இருட்டில் சிரித்தபடி மேலே பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஒரு பூச்சாடியின் ஷாட். மறுபடி அவள் முகம், இப்போது அழுகைக்குப் பக்கத்தில். மறுபடி பூச்சாடி. அந்த இடைவெளியில் அவளுக்குள் என்ன நடந்தது என்று பல பத்தாண்டுகளாகச் சினிமா அறிஞர்கள் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

கல்யாணம் முடிந்த இரவு, மகளின் தோழி அப்பாவோடு மதுக்கடையில் உட்கார்ந்திருக்கிறாள். நீங்கள் எப்போது மறுமணம் செய்யப் போகிறீர்கள் என்று கேட்கிறாள். அவர் சிரிக்கிறார். அது பொய் என்கிறார். தன் வாழ்க்கையிலேயே பெரிய பொய். அப்படிச் சொல்லியிருக்காவிட்டால் அவள் போயிருக்கவே மாட்டாள்.

ஒரு கணம் சுருக்கென்று முழுப் படமும் பின்னோக்கி ஓடுகிறது. அவர் தலையாட்டிய விதம், ஆமாம் என்று சொல்லும்போது குரல் தாழ்ந்த விதம், எல்லாம். அந்தப் பொய் மகளுக்கு இன்னும் தெரியாது. நமக்கும் தோழிக்கும் அவருக்கும் மட்டும் தெரியும். அவர் வீட்டுக்கு வருகிறார், கோட்டைக் கழற்றுகிறார், விளக்குக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து ஓர் ஆப்பிளை எடுத்துத் தோலைச் சீவத் தொடங்குகிறார். தோல் அறுபடாமல் சுருள்சுருளாக நீண்டு தொங்குகிறது. நீண்டுகொண்டே போய், கீழே விழுகிறது. அவர் தலை மெல்லக் கவிழ்கிறது. அடுத்த ஷாட்டில் கடல்.